கைத்தொழிலும் கணினிப் பொறியும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபடுவது தமிழர் மரபு. கொல்லன் தன் சம்மட்டியையும், தச்சன் தன் உளியையும், மாணவன் தன் நூல்களையும் அன்று ஒரு நாள் கையாளாமல் வைத்து வணங்குகின்றான். மறுநாள் விசயதசமியில் அவற்றை எடுத்துப் புதிதாகத் தொடங்குகின்றான். குழந்தைக்கு எழுத்தறிவிப்பதும் அன்றுதான். பழைய கருவிக்கு வணக்கம், புதிய கல்விக்குத் தொடக்கம் என இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் முன்னோர் வைத்தனர். சிங்கப்பூரின் ஒரு பிரிவுத் தொழிலாளர்க்கு இது வெறும் சடங்காக நில்லாமல் வாழ்க்கையாகவே அமைந்தது. லேத் எனப்படும் கடைசல் பொறியிலே கைத்தேர்ச்சி பெற்று, நடுவயதில் கணினியால் இயங்கும் சி.என்.சி. பொறியின் முன்னே மீண்டும் மாணவராய் நின்றவர்களே அவர்கள். இன்றைய உரை அவர்களைப் பற்றியது.

ஆலய மேடையில் இரும்புப் பட்டறையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். தாராளமாகப் பேசலாம். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை முற்காலத்து மக்கள் "சுண்ணாம்புக் கம்பம் கோயில்" என்றே அழைத்தனர். சுண்ணாம்புச் சூளைகளில் வெந்த உழைப்பாளிகளின் தெய்வமாக அன்னை அங்கே வீற்றிருந்தாள். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் பணிபுரிந்த தொழிலாளர்கள் ஒரு மரத்தடியில் வழிபடத் தொடங்கிய தலமே புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். அது இப்போது யீஷூன் தொழிற்பேட்டையிலே, தொழிற்சாலைகளுக்கு நடுவே நிற்கின்றது. பங்குனி உத்திரத்தன்று காவடிகள் செல்லும் அந்த வட்டாரத்தின் சுவர்களுக்குப் பின்னால், ஏனைய நாள்களில் பொறிகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. கோயிலும் பட்டறையும் இந்நாட்டில் எப்போதும் அண்டை வீட்டாராகவே இருந்து வந்துள்ளன.

"கடைதல்" என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். தயிரைக் கடைவதும் கடைதல்; மரத்தையும் இரும்பையும் உருளையாகச் சீவுவதும் கடைதல். இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலன்று. பழைய கடைசல் பொறியில், மரத்துண்டைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு ஒருவர் மாறிமாறி இழுக்க, மற்றொருவர் உளியைப் பிடித்துச் சீவுவார். மத்தைச் சுழற்றுவதும் அவ்வாறே. மந்தர மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கிப் பாற்கடலைக் கடைந்த கதையைக் கேட்கும் பட்டறைக்காரர் ஒருவர், மலை அமிழ்ந்தபோது அடியில் சென்று தாங்கிய கூர்மாவதாரத்தை "இதுதான் பேரிங்" என்று சொன்னால், அதில் நகைச்சுவையோடு உண்மையும் உண்டு. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் கடைசலில் பிறந்தவையே. பேலூரிலும் ஹளேபீட்டிலும் உள்ள போசளர் காலத்துக் கல்தூண்களின் வளைவுகளும் கடைந்தெடுத்தவை என்றே கருதப்படுகின்றன. 1800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் உளியைக் கையில் பிடிக்காமல் இரும்பு வண்டியொன்றில் பொருத்தி, அதனைத் திருகால் நகர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அன்று முதல் உளியின் பாதையைத் திருகு தீர்மானித்தது. அந்தத் திருகை எவ்வளவு சுழற்றுவது என்பதை மனிதனின் கை தீர்மானித்தது.

அந்தக் கை சிங்கப்பூரில் எங்கே பயின்றது? செம்பவாங் கடற்படைத் தளம் 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய பெரும் உலர்துறையும் அங்கே அமைந்தது. தமிழரும் மலையாளிகளும் அங்கே பெருமளவில் பணியாற்றினர். கப்பல் ஒன்று பழுதுபார்க்க வந்தால் அதன் உதிரிப் பாகத்திற்காக இங்கிலாந்துக்கு எழுதிக் காத்திருப்பது இயலாது. தேய்ந்த தண்டைக் கழற்றி அளந்து, அதே போன்ற வேறொன்றை அங்கேயே கடைந்து பொருத்த வேண்டும். நகருக்குள் ஜாலான் புசார், லாவண்டர் ஸ்திரீட் பக்கத்துக் கடைவீடுகளில் இருந்த சிறு பட்டறைகளிலும் இதே வேலைதான், சிறிய அளவில். ஒரு லேத், ஒரு துளையிடும் பொறி, ஒரு சாணைக்கல் இவை போதும், பட்டறை நடந்துவிடும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும் வரையில், அங்கே விரிக்கப்பட்ட சாக்குகளின் மீது கிடந்த பழைய கருவிகளில் எத்தனை பேருடைய கைவண்ணம் ஒளிந்திருந்ததோ, எவர் அறிவார்!

கைலேத்தில் வேலை செய்பவரின் அறிவு எத்தன்மையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும். ஏனெனில், அது அறிவென்றே பலரால் மதிக்கப்படவில்லை. "கைப்பழக்கம்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கப்பட்டது.

கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றியுள்ள கோடுகளில் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கைக் குறிக்கும். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் என்றால், அதனினும் குறைந்த அளவை விரலால் நகர்த்த வேண்டும். அத்துடன், பழைய பொறியின் திருகுக்கும் மரைக்கும் இடையே சிறிது ஆட்டம் இருக்கும். சக்கரத்தை முன்னே சுழற்றிவிட்டுப் பின்னே திருப்பினால், கோடு நகரும்; உளி நகராது. எனவே அளவு மிஞ்சிவிட்டால் சிறிது பின்வாங்குவது பயன்படாது. ஒரு சுற்று முழுவதும் பின்னே போய், மீண்டும் ஒரே திசையில் நெருங்கி வர வேண்டும். எந்தப் பொறியில் எவ்வளவு ஆட்டம் என்பது அதனோடு பழகியவருக்கே தெரியும். ஒருவர் விடுப்பில் சென்றால் அவருடைய லேத்தில் வேறொருவர் வேலை செய்யத் தயங்கியதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமன்று.

பிறகு காது. உளி கூர்மையாய் வெட்டும்போது எழும் ஓசை வேறு. மழுங்கித் தேய்க்கும்போது எழும் ஓசை வேறு. நீண்ட மெல்லிய தண்டு நடுவில் வளைந்து அதிரும்போது எழும் கிறீச்சொலி வேறு. பிறகு கண். சீவலின் நிறம் வெள்ளி போலிருந்தால் ஒரு பொருள், வைக்கோல் நிறமானால் ஒரு பொருள், நீலமானால் எச்சரிக்கை. உளியைச் சாணைக்கல்லில் தாமே தீட்டி, அதன் சாய்வை இரும்புக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று என மாற்றுவர். மரை வெட்டும்போதோ இன்னொரு நெருக்கடி. உளி வேகமாய் நகர்ந்து தோள்ப்பட்டை போன்ற மேட்டை நெருங்கும் நொடியில், நீள்திருகைப் பற்றியிருக்கும் நெம்புகோலை விடுவித்து உளியையும் வெளியே இழுக்க வேண்டும். அரை நொடி தவறினால் பல மணி நேர உழைப்பு குப்பைக்குப் போகும். இவற்றுள் எதனையும் எவரும் ஏட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணன் நிற்பதைத் தம்பி பார்த்தார். தம்பி நிற்பதை அடுத்தவர் பார்த்தார்.

1968 சனவரியில், 1971க்குள் தங்கள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. நாட்டின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. செம்பவாங் கடற்படைப் பட்டறை அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரிடம் வந்து, வணிகக் கப்பல் பட்டறையாக மாறியது. வாயிலில் பெயர்ப்பலகை மாறினாலும் லேத்துகள் அதே இடத்தில் நின்றன. ஒரு நாடு தன் தொழில்வாழ்வைத் தொடங்குவதற்கு எஞ்சியிருந்த முதலீட்டில், அந்த லேத்துகளின் முன்னே நின்ற கைகளும் அடங்கும். இதனை வரலாற்று நூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

ஆனால் இருந்த கைகள் போதவில்லை. ஜூரோங்கில் எழுந்த தொழிற்சாலைகளுக்கு அச்சுவார்ப்புக் கருவி செய்வோரும் நுண்கடைசல் செய்வோரும் தேவைப்பட்டனர். 1972ஆம் ஆண்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் ஒரு புதுமையைச் செய்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் இணைந்து பயிற்சி நிலையம் அமைத்தது. இவ்வகையில் முதலாவதாக வந்த நிறுவனம் எது தெரியுமா? ஜெர்மானிய நிறுவனமும் அன்று. சப்பானிய நிறுவனமும் அன்று. இந்தியாவின் டாட்டா! புகைப்படக் கருவி செய்த ரோலை 1973இலும், பிலிப்ஸ் 1975இலும் பின்தொடர்ந்தன. இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு உடலுழைப்பு மட்டுமே வந்தது என்று எண்ணுவோர் இச்செய்தியை நினைவில் கொள்வது நன்று. நுண்தொழில் கற்பிக்கும் ஆசானாகவும் இந்தியா வந்தது. இத்தகைய பயிற்சிகளில் முதற்பாடம் பொறியே அன்று, அரம். ஓர் இரும்புக் கட்டியைக் கையால் தேய்த்துத் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும். ஒளியில் பிடித்துப் பார்த்தால் மூலைமட்டத்தின் விளிம்பில் இடைவெளி தெரியலாகாது. இரும்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதை உள்ளங்கைக்குக் கற்பித்த பின்னரே பொறியின் பக்கம் செல்லவிடுவர். ரோலை நிறுவனம் 1981இல் வீழ்ந்தது. ஆனால் அது பயிற்றிய கைகள் வீழவில்லை. வட்டு இயக்கிகளும் மின்னணுப் பாகங்களும் செய்ய வந்த தொழிற்சாலைகள் அத்தகைய கைகளைத்தான் தேடின.

இனி, மற்றோர் ஓடையின் பிறப்பிடத்தைக் காண அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் இறக்கைகளைச் செய்துவந்தார். அந்த வளைவின் வடிவத்தைக் கையால் வெட்டுவது கடினம். வளைவின் மீதுள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு, எண்களாக்கி, அந்த எண்களைக் கொண்டே பொறியை நகர்த்தினால் என்ன என்று அவர் சிந்தித்தார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது, எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 1952இல் துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் துருவல் பொறியைச் செய்து காட்டியது. பின்னர் நுண்செயலிகள் வந்தன, நாடா மறைந்தது, பொறியின் பக்கத்திலேயே ஒரு சிறு கணினி அமர்ந்தது. அதுவே சி.என்.சி.

இதனிடையே மறந்துபோன ஒரு வழியும் உண்டு. 1940களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வேறொரு முறையைச் சோதித்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் கையால் ஒரு பாகத்தைச் செய்வார். அவருடைய அசைவுகள் காந்த நாடாவில் பதியும். பிறகு பொறி அதனை அப்படியே திரும்பச் செய்யும். பாடகரின் குரலை ஒலிநாடாவில் பதிவது போன்றது இது. இம்முறை வளரவில்லை, கணக்கிலிருந்து பிறக்கும் முறையே வென்றது. டேவிட் நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில், அந்த முடிவுக்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமன்று என்றும், பட்டறையின் ஆளுமையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்து அலுவலகத்திடம் கொடுக்கும் விருப்பமும் காரணம் என்றும் வாதிட்டார். அவர் கூற்று முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. இறக்கையின் வளைவை எந்தக் கையும் அந்த நுட்பத்தோடு செய்திருக்க முடியாது என்பதும் உண்மையே. எனினும், தொழிலாளியின் கையைப் பின்பற்றும் பொறி ஒன்றும் பிறந்திருக்கக்கூடும் என்பதை அறியும்போது, நடந்தது ஒன்றே விதி என்னும் எண்ணம் தளர்கின்றது.

சிங்கப்பூரில் 1979இல் ஊதியத்தை உயர்த்தும் கொள்கை வந்தது. மலிவான உழைப்பை நம்பிய தொழில்களை விட்டு, திறனும் பொறியும் மிக்க தொழில்களுக்கு நாடு மாற வேண்டும் என்பது நோக்கம். அவ்வாண்டே திறன் மேம்பாட்டு நிதியும் தொடங்கப்பெற்றது. 1980களில் சி.என்.சி. பொறிகள் தொழிற்பேட்டைகளுக்குள் வரிசையாக வந்தன. அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் சப்பானின் ஃபனுக் என்னும் பெயர் இருந்தது. அதுவரை திறந்த வெளியில் சுழன்ற இரும்பு, இப்போது கண்ணாடிக் கதவுக்குப் பின்னே போயிற்று. சக்கரத்தைப் பிடித்த கைகளுக்கு முன்னே பொத்தான்கள் இருந்தன. திரையிலோ ஆங்கில எழுத்துகளும் எண்களும்.

கைலேத்தில் இருபது ஆண்டுகள் நின்ற ஒருவர் அந்தத் திரையின் முன்னே என்ன கண்டார்?

எழுத்துகள் உண்மையில் சிலவே. ஜி 00 என்றால் விரைந்து நகர். ஜி 01 என்றால் வெட்டிக்கொண்டே நேராக நகர். ஜி 02, ஜி 03 என்றால் வளைந்து செல். எம் 03 என்றால் சுழல்தண்டைச் சுழற்று. எம் 08 என்றால் குளிர்நீரைத் திற. எம் 30 என்றால் முடிந்தது. இவ்வளவையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். தேவாரம் ஓதியவருக்கு இது ஒரு பொருட்டன்று. கடினம் வேறிடத்தில் இருந்தது. கைலேத்தில் சிந்தனையும் செயலும் ஒன்றாகவே நடக்கும். சிறிது வெட்டி, அளந்து, ஓசை கேட்டு, அடுத்ததை முடிவு செய்யலாம். சி.என்.சி. பொறியிலோ எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த உளி, எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம், எங்கே நிற்பது, எவ்வழியே திரும்புவது என அனைத்தையும், இரும்பின் மீது உளி படுவதற்கு முன்னரே எழுதிவிட வேண்டும். சமையலில் கைப்பதம் அறிந்த தாயாரிடம், "உப்பு எத்தனை கிராம், எத்தனை நொடி கிளற வேண்டும், முன்னதாகவே எழுதிக் கொடுங்கள், இடையில் அடுப்பங்கரைக்கு வரக்கூடாது" என்று சொன்னால் அவர் படும் பாடு இதுதான்.

ஒரு புள்ளியின் கதையையும் சொல்ல வேண்டும். பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் எக்ஸ் 40 என்று எழுதிப் புள்ளி வைத்தால் அது நாற்பது மில்லிமீட்டர். புள்ளியை மறந்தால் அதனையே மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நாற்பது பங்காகப் பொறி கொள்ளும். உளி நாற்பதில் நிற்காமல் நடுமையத்தை நோக்கிப் பாயும். தமிழிலே புள்ளி வைத்தால் மெய், வைக்காவிட்டால் உயிர்மெய் என்று படித்தவர்க்குப் புள்ளியின் அருமை புதிதன்று. ஆனால் இங்கே புள்ளி தவறினால் இரும்போடு இரும்பு மோதும். குறியும் அவ்வாறே. 40.00 வேண்டிய இடத்தில் 40.03 வந்துவிட்டது, திருத்தமாகக் கழித்தல் 0.03 என்று பதிய வேண்டும். கூட்டல் 0.03 என்று பதிந்தால் அடுத்த பாகம் 40.06 ஆகும். சக்கரத்தைச் சுழற்றும் கை ஒருபோதும் செய்யாத தவற்றை, பொத்தானை அழுத்தும் விரல் எளிதிற் செய்யும். எனவேதான் முதல் ஓட்டத்தில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதும், வேகத்தைக் குறைக்கும் குமிழின் மீதே கையை வைத்துக்கொள்வதும், உளியை இரும்புக்கு எட்டாத தொலைவில் வைத்து வெறுமனே ஓட்டிப் பார்ப்பதும் பழக்கமாயின.

கற்க வேண்டியதோடு, மறக்க வேண்டியதும் சிறிது இருந்தது. அதிவேக எஃகு உளியில் சீவல் நீலமானால் உளி கருகுகின்றது என்று பொருள். கார்பைடு வில்லையிலோ நீலச் சீவல் இயல்பானது. வெப்பம் சீவலோடு வெளியேறுகின்றது என்பதற்கு அதுவே சான்று. 50 மில்லிமீட்டர் தண்டை, நிமிடத்திற்கு 30 மீட்டர் என்னும் பழைய வெட்டுவேகத்தில் கடைந்தால் சுழற்சி ஏறத்தாழ 191. கார்பைடுக்கு 200 மீட்டர் எனக் கொண்டால் சுழற்சி ஏறத்தாழ 1270. அந்த வேகத்தில் முதன்முறை பொறி சுழன்றபோது, பழகிய தொழிலாளிகளின் கால்கள் தாமாகவே ஓரடி பின்னே சென்றதில் வியப்பில்லை.

ஆயினும் அவர்கள் கொண்டுவந்த அறிவு பொறிக்குள் இல்லை. இதுவே இவ்வுரையின் மையச் செய்தி. முகப்பைச் சீவிக்கொண்டே உளி நடுமையத்தை நெருங்கும்போது, வெட்டுவேகத்தை மாறாமல் வைத்திருக்கச் சொன்னால் பொறி சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போகும். விட்டம் குறையக் குறையச் சுழற்சி எல்லையின்றி ஏற முயலும். அந்த வேகத்தில் சக்கின் தாடைகள் வெளிநோக்கி இழுபட்டுப் பிடி தளரும். எனவே "இதற்கு மேல் சுழலாதே" என்று ஒரு வரியில் எல்லை விதிக்க வேண்டும். அந்த எல்லை எது? பாகம் சீரான உருளையா, ஒரு பக்கம் கனத்த வார்ப்பா, தாடைகள் எவ்வளவு நீளம் பற்றியுள்ளன என்பதைப் பார்த்தே சொல்ல முடியும். வார்ப்பு ஒன்று சக்கிலிருந்து நழுவும் அச்சத்தை ஒருமுறையேனும் அறிந்தவர் அந்த எண்ணைக் குறைத்தே எழுதுவார். அறியாதவர் நூலில் உள்ள எண்ணை எழுதுவார்.

வெப்பமும் அப்படியே. எஃகு ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் வீதம் விரியும். 50 மில்லிமீட்டர் தண்டு வெட்டும் சூட்டில் 20 பாகை ஏறியிருந்தால், அது 0.012 மில்லிமீட்டர் பருத்திருக்கும். அத்தகைய தண்டுக்கு அனுமதிக்கப்படும் வேறுபாடு பலவேளை 0.016 மில்லிமீட்டரே. பொறி சரியாகத்தான் வெட்டிற்று; மைக்ரோமீட்டரும் சரியாகத்தான் காட்டிற்று; ஆயினும் தண்டு ஆறியபின் சிறுத்துப்போய்த் தள்ளுபடியாகும். உலகம் முழுவதும் அளவைக்குரிய வெப்பநிலை 20 பாகை என்று வரையறுக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரின் நண்பகலோ 31 பாகையைத் தொடும். "சூட்டோடு அளக்காதே, ஆறவிடு" என்று மூத்தவர்கள் இளையவரைக் கடிந்துகொண்டதன் பின்னே இந்தக் கணக்கு இருந்தது. அவர்கள் கணக்கைச் சொல்லவில்லை. கடிந்துகொள்ளுதலை மட்டுமே சொன்னார்கள்.

இந்நிலையில், கைலேத்துக்காரர் பலர் சிறந்த சி.என்.சி. தொழிலாளராய் ஆனதில் வியப்பென்ன? வியப்பு, வேறு பலர் ஆக முடியாமற் போனதில்தான் இருக்கின்றது. இங்கே கசப்பான உண்மை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களைத் தடுத்தது கையும் அன்று, மூளையும் அன்று, மொழி. தமிழ்ப் பள்ளியில் சில வகுப்புகள் மட்டும் படித்தவர்க்கு, வரைபடத்தின் உருவம் புரியும். ஓரத்தில் அச்சிட்ட ஆங்கிலக் குறிப்பு புரியாது. பொறியின் எச்சரிக்கை திரையில் ஆங்கிலத்தில் ஒளிரும். அதனைப் படித்துச் சொல்லத் தம்மிடம் வேலை கற்ற பையனையே அழைக்க வேண்டும். அந்த நாணம் எத்தனை பேரைப் பயிற்சி வகுப்பின் வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பியது என்பதற்குக் கணக்கு இல்லை. தொழிலாளர்க்கு அடிப்படை ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் பெஸ்ட் என்னும் திட்டம் 1983இல் தொடங்கியது. வேலை முடிந்த மாலையில், எண்ணெய்க் கறை நீங்காத விரல்களால் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் அதனால் மேலே வந்தனர். போகாதவர்களை 1985ஆம் ஆண்டின் பொருளியல் சரிவு போன்ற காலங்கள் முதலில் தொட்டன. மைக்ரானை விரலால் உணர்ந்தவர்கள் காவற்பணிக்கும் துப்புரவுப் பணிக்கும் சென்றதுண்டு. எந்த வேலையும் இழிவன்று. ஆனால் அந்த விரல்கள் அறிந்தது அவர்களோடு போயிற்று என்பது இழப்பே.

பயிற்சி நிலையங்கள் பின்னர் பெருகின. வி.ஐ.டி.பி. என்று மக்கள் அழைத்த தொழிற்பயிற்சிக் கழகம் 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகமாயிற்று. ஜெர்மனி, பிரான்சு, சப்பான் ஆகிய நாடுகளின் துணையோடு நடந்த பயிற்சிக் கூடங்கள், அதே ஆண்டில் நிறுவப்பெற்ற நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியோடு இணைந்தன. 2016 சனவரி முதல், 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்க்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 500 வெள்ளி வழங்கப்பட்டது. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்க்கு மேலும் 4,000 வெள்ளி, குறிப்பிட்ட பயிற்சிகளுக்காக ஒதுக்கப்பட்டது. இந்த அவையில் அந்தத் தொகையைத் தொடாதவர் எத்தனை பேர் என்று கேட்டால், உயரும் கைகள் குறைவாயிராது. அப்பணம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே வந்திருந்தால் என்று பெருமூச்சு விடும் முதியவரும் இங்கே இருக்கக்கூடும்.

இன்று நிலைமை தலைகீழாகத் திரும்பியுள்ளது. இளைஞர்க்கு ஆங்கிலமும் கணினியும் இயல்பாக வருகின்றன. திரையில் உருவத்தை வரைந்தால், மென்பொருளே ஆயிரம் வரிகளை எழுதிக் கொடுத்துவிடுகின்றது. ஆனால் அவர்களுள் சிலர் ஒருமுறைகூட உளியைத் தீட்டியதில்லை. திரையில் உளி அழகாக நகர்கின்றது; திரையில் இரும்பு அதிர்வதில்லை, வளைவதில்லை, சூடேறுவதில்லை. எனவே, பயிற்சிக்கூடங்களிலிருந்து கைலேத்தை அப்புறப்படுத்திவிட்டுத் திரைகளை மட்டும் வைக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அது சிக்கனமாகத் தோன்றினும் கேடு பயப்பதாகும். மூன்று மாதங்களாயினும் கைலேத்தில் நின்றவர், திரையில் தோன்றும் எண்ணைப் பார்த்து "இது ஆகாது" என்று சொல்லும் துணிவைப் பெறுவார். பிள்ளை பட்டறை வேலைக்குப் படிக்க விரும்பினால் முகம் சுளிக்கும் பெற்றோரும் சற்று எண்ண வேண்டும். விமான இயந்திரப் பாகமும், மருத்துவக் கருவியும், வட்டு இயக்கியின் சட்டமும் எவருடைய கையிலாவது பிறந்தே தீர வேண்டும்.

ஆலய நிர்வாகக் குழுவினரிடமும் குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கைலேத்தில் பணிபுரிந்த மூத்தவர்கள் பலரிடம் ஒரு சிறு குறிப்பேடு இருந்திருக்கும். மரைகளுக்கான பல்சக்கர எண்கள், எந்த உலோகத்திற்கு எந்தச் சாய்வு, எந்தத் தண்டு எந்த வேகத்தில் அதிர்ந்தது என்பன தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து, எண்ணெய் படிந்த தாள்களில் எழுதப்பட்டிருக்கும். வீடு மாறும்போதும், முதியவர் மறைந்தபின் அலமாரியை ஒழிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். தேக்காவிலும் யீஷூனிலும் துவாசிலும் வாழும் இளைஞர்கள், குறிப்பாகத் தமிழகத்தின் ஐ.டி.ஐ.களில் டர்னர் பயிற்சி பெற்றுக் கப்பல் பட்டறைகளுக்கு வந்திருப்போர், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்கு வரும்போது அத்தகைய மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து, அந்தக் குறிப்பேட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பொருள் கேட்டு எழுதிவைக்கலாம். குறிப்பேடு இல்லாதவரிடம் வாயால் கேட்டு எழுதலாம். ஜி எழுத்துகளுக்கும் எம் எழுத்துகளுக்கும் எளிய தமிழில் விளக்கம் எழுதிச் சேர்த்தால், அடுத்து வருபவர் திரையின் முன்னே நாணி நிற்க வேண்டியதில்லை. ஆலயத்தின் பின்மண்டபத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் இதற்குப் போதும். முதல் கேள்வியாக, சூடான தண்டை எவ்வளவு நேரம் ஆறவிட்டு அளப்பார்கள் என்று கேட்டுத் தொடங்கலாம்.